நான்கு விநாடிக் காற்று

இந்த மனிதருக்கு மட்டும் எப்படி முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது? கீபோர்டில் ஃபிரெடியின் விரல் இன்னும் இறங்கவில்லை, பாடகர் குழு மூச்சு வாங்கி முடிக்கவில்லை, அதற்குள் இவர் அடுத்த அடிக்குள் போய்விட்டார். ஒவ்வொரு ஞாயிறும் இதே கதைதான். ஒரு தடவைகூடத் தவறியதில்லை. அடுத்து வரப்போவது இவ்வளவு துல்லியமாக ஒருவருக்கு எப்படித் தெரியும்?

ஷீலா பாடுவதை நிறுத்திவிட்டிருந்தாள். பாட்டுப் புத்தகம் மட்டும் கையில் திறந்தபடி இருந்தது. பின் வரிசையில் நிற்கும் தயாளன் சார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்; தாம்பரத்தை ஒட்டிய சேலையூரின் இந்தச் சபையில் பல வருடங்களாக அதே பெஞ்சில் நிற்பவர். அவர் மறுபடியும் எல்லோரையும் அரை விநாடி முந்திக்கொண்டு அடுத்த வரியைப் பிடித்தார். அவர் குரல் ஷீலாவின் பிடரியில் வந்து மோதியது. அவருக்கு முன்கூட்டி எதுவும் தெரியவில்லை, அவருக்குப் பாட்டு மனப்பாடம், அவ்வளவுதான் என்று அவளுக்குள் ஒரு குரல் சாதாரணமாகச் சொன்னது. அடுத்த வரி ஏற்கெனவே அவரிடம் இருக்கிறது. இல்லாத ஒன்றை அவர் ஊகிக்கவில்லை, இருப்பதைச் சொல்கிறார்.

அந்த நினைப்பு முடிந்த இடத்திலேயே அவளுக்கு உடம்பு சில்லிட்டது. மின்விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன, பக்கத்தில் கணவன் ஆஸ்டின் சுருதி சேராமல் பாடிக்கொண்டிருந்தான், முன் வரிசையில் யாரோ விசிறி மடிப்பாக மடித்த நோட்டீஸால் விசிறிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. அவளுடைய நான்கு மாத வெற்றி மட்டும் இருந்த இடத்தில் இல்லை.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைப் பார்த்த ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில், பதினோரு பேர் வேலை செய்யும் சின்ன நிறுவனத்தில் அவள் கணினி நிரல் எழுதுகிறாள். அவர்கள் செய்வது ஒரே ஒரு காரியம். காற்றாலையின் இறக்கைகளுக்கு, வரப்போகும் காற்றைப் பற்றிச் சில விநாடிகள் முன்னதாகச் சொல்வது. காற்று ஒரே சீராக வருவதில்லை. சுழித்துக்கொண்டு, முண்டியடித்துக்கொண்டு, ஒரு விநாடி அறைந்து மறு விநாடி தளர்ந்து வருகிறது. அறை விழுந்த பிறகு இறக்கையைத் திருப்பிப் பயனில்லை. கோபுரம் அதற்குள் ஒரு குலுக்குக் குலுங்கிவிடும். அப்படி ஆயிரக்கணக்கான குலுக்கல்கள் சேர்ந்துதான் இரும்பு சோர்ந்துபோகிறது. முன்னதாகத் தெரிந்தால், இறக்கையைக் கொஞ்சம் சாய்த்து அந்த அறையை நழுவவிடலாம். இதற்காகத் தென்காசிப் பக்கம், மலைக் கணவாயை ஒட்டி நிற்கும் நாற்பத்தேழாம் எண் காற்றாலையின் தலையில் ஒரு லேசர் கருவியைப் பொருத்தியிருந்தார்கள். எதிரே நூற்றிருபது மீட்டர் தொலைவு வரை காற்றில் மிதந்து வரும் தூசியைப் பார்த்து, அது என்ன வேகத்தில் வருகிறது என்று அந்தக் கருவி சொல்லும். ஆனால் அங்கே கண்ட காற்று இங்கே வந்து சேர்வதற்குள் வழியில் உருமாறிவிடுகிறது. எப்படி உருமாறும் என்று ஊகிப்பதுதான் ஷீலா எழுதிய நிரல்.

அது பத்து விநாடி முன்னதாக ஊகித்தது. ஊகித்த கோடும் உண்மைக் காற்றின் கோடும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து கிடந்தன. மார்ச் மாதம் அந்த வரைபடத்தைப் பார்த்த அன்று நிறுவனத்தின் முதலாளி ஷ்யாம்சுந்தர் சார் ஆபீஸ் முழுவதற்கும் பிரியாணி வாங்கினார். அவர் மட்டும் ஓரமாக உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டார். நாளை திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, அந்தக் காற்றாலைகளுக்குச் சொந்தக்காரரான கஸ்தூரிரங்கன் அந்த வரைபடத்தைப் பார்க்க நேரில் வருகிறார். அவர் சரி என்று சொல்லிவிட்டால் புதன்கிழமை நாற்பத்தேழாம் காற்றாலையின் இறக்கைகள் முதன்முதலாக அவளுடைய நிரலின் பேச்சைக் கேட்டுத் திரும்பும். இரண்டு வருடமாக அவள் காத்திருப்பது அந்த ஒரு திரும்பலுக்காகத்தான்.

லேசர் கருவி தரும் அளவுகள் ரம்பத்தின் பல் மாதிரித் துடிக்கும். அவற்றைச் சீராக்குவதற்காக, ஒவ்வொரு விநாடியின் அளவையும் அதற்கு முந்தைய பத்து விநாடிகளோடும் அடுத்து வரும் பத்து விநாடிகளோடும் சேர்த்து அவள் சராசரி எடுத்திருந்தாள். பதிவு செய்து வைத்த காற்றில் அது முடியும். பதிவில் அடுத்த விநாடி எப்போதும் தயாராக இருக்கிறது. அடுத்து வரும் பத்து விநாடிகள். நிரல் ஊகிக்க வேண்டிய அதே பத்து விநாடிகள். அவை சராசரிக்குள் கரைந்து, வினாத்தாளின் பின்பக்கத்தில் நிழலாகத் தெரியும் விடைகளாக, நிரலின் கைக்கே போய்ச் சேர்ந்திருக்கின்றன. அது எதையும் ஊகிக்கவில்லை. அதற்கும் பாட்டு மனப்பாடம்.

அவள் பெஞ்சிலிருந்து வெளியே வந்தாள்.

"எங்க போறே?" என்றான் ஆஸ்டின், உதடு அசையாமல்.

"வீட்டுக்கு."

"உடம்பு சரியில்லையா?"

"இல்ல. ரொம்ப நல்லா இருக்கேன்," என்று சொல்லிவிட்டு, அவன் சட்டைப் பையிலிருந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு நடந்தாள். சொன்ன பிறகுதான் அது உண்மை என்று அவளுக்கே தெரிந்தது. பயமாக இருக்க வேண்டும். ஆனால் கேம்ப் ரோடு வெயிலில், பூக்கடைக்கும் பஸ்ஸுக்கும் நடுவே வண்டியைத் திருப்பும்போது, அவளுக்குத் தொண்டை வரை வந்து நின்றது ஒரு சிரிப்பு.

வீடு இரண்டாவது மாடி. செருப்பைக்கூடக் கழற்றாமல் சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினியைத் திறந்தாள். நிரலில் சராசரி எடுக்கும் அந்த வரி அங்கேயே இருந்தது. மார்ச் ஒன்பதாம் தேதி, அவளுடைய பெயரில். வேறு யார் மேலாவது பழி போடலாமா என்று அரை விநாடி மனம் தேடிப் பார்த்ததையும் அவள் கவனித்தாள். முந்தைய பத்து விநாடிகளை மட்டும் வைத்துக்கொண்டு அடுத்த பத்தை வெட்டி எறிந்தாள். பிறகு பதிவுகள் முழுவதையும் முதலிலிருந்து ஓடவிட்டாள்.

பத்து விநாடி. இரண்டு கோடுகளும் பிரிந்து விழுந்தன. 'இப்போது அடிக்கிற காற்றே அப்போதும் அடிக்கும்' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வதைவிட அவளுடைய நிரல் ஒரு நூல்கூட மேலாக இல்லை. ஒன்பது. இல்லை. எட்டு. இல்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் மூன்று நிமிடம் ஆனது. அந்த மூன்று நிமிடங்களில் அவள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள், குக்கரைக் கழுவினாள், கழுவிய குக்கரை மறுபடி கழுவினாள். ஏழு. இல்லை. ஆறு. ஏதோ இருக்கிறமாதிரி இருந்து, இல்லை. ஒன்று வரை இப்படியே போய் எதுவுமே இல்லாமல் முடிந்துவிட்டால்? இரண்டு வருடத்தில் தான் செய்தது ஒன்றுமே இல்லை என்று தெரிந்துவிட்டால்? அப்போதுதான் பயம் வந்தது, சுத்தமான, கூர்மையான பயம். ஆனால் அதுவும் உற்சாகத்துக்குள்ளேயே இருந்தது. ஐந்து. கொஞ்சம்.

நான்கு.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஊகித்த கோடு சிவப்பு, உண்மைக் காற்று நீலம். சிவப்பு, நீலத்தின்மேல் படியவில்லை. மார்ச் மாதத்து அழகு இதில் இல்லை. சில இடங்களில் தடுமாறியது, சில இடங்களில் ஒரு சின்ன ஏற்றத்தைத் தவறவிட்டது. ஆனால் காற்றின் பெரிய அறைகள் ஒவ்வொன்றையும், கிட்டத்தட்ட ஒவ்வொன்றையும், அது முன்னதாகவே கண்டுகொண்டிருந்தது. இந்தத் தடவை யாரும் அதற்கு விடை சொல்லித்தரவில்லை.

மறுபடி ஓட்டினாள். ஜூன் மாதப் பதிவில் ஓட்டினாள். மழைநாள் பதிவில் ஓட்டினாள். நான்கு, நான்கு, மழையில் மூன்றரை.

இத்தனை நாளும் அவளால் அந்தப் பத்தை அனுபவிக்க முடிந்ததில்லை என்பது இப்போதுதான் நிதானமாகப் புரிந்தது. மற்றவர்கள் கைகுலுக்கியபோதெல்லாம், கல்யாண வீட்டுக்கு இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு போன புடவையைப் புகழ்ந்தால் வரும் கூச்சம்தான் அவளுக்கு வந்தது. தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டாள். அது தன்னடக்கம் இல்லை. எங்கேயோ ஒரு மூலையில் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. காற்று அவ்வளவு கீழ்ப்படிந்து வராது என்று தெரிந்திருக்கிறது. தெரிந்தே அந்த மூலைக்கு விளக்கைக் கொண்டுபோகாமல் இருந்திருக்கிறாள். இதை ஒப்புக்கொண்டபோது கன்னம் சுட்டது. ஆனால் அந்தச் சூட்டைத் தாண்டி, மேஜைக்கு அடியில் அவள் கால் தானாகத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. பத்து யாருடையதோ. இந்த நாலு என்னுடையது.

ஆஸ்டின் வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"சரியான ஆளு நீ. காணிக்கைப் பை பக்கத்துல வர்ற நேரம் பார்த்து எழுந்து போயிட்டே. எல்லாரும் என்னைத்தான் பார்த்தாங்க. வண்டியையும் எடுத்துட்டுப் போயாச்சு. ஒரு பி.டி. மாஸ்டர் வெயில்ல நடந்தா கேவலம் இல்லதான், ஆனா இந்த ஷூல நடக்கக் கூடாது."

"பத்து விநாடி தப்புங்க," என்றாள்.

அவன் ஷூவைக் கழற்றுவதை நிறுத்தினான். இந்த வீட்டில் பத்து விநாடி என்றால் என்ன என்று அவனுக்குத் தெரியும். நான்கு மாதமாகச் சொந்தக்காரர்களிடமெல்லாம் அவன்தான் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

"முழுசா தப்பா?"

"முழுசா. நான் பண்ணின தப்பு. ஆனா நாலு இருக்கு. நாலு நிஜம்."

"பத்துலேர்ந்து நாலுக்கு வந்துட்டு எதுக்கு இப்படிப் பல்லைக் காட்டிட்டு நிக்கறே?"

"நாலு போதும்! இறக்கை சாய்றதுக்கு ரெண்டு செகண்டு போதும். அதுக்கு மேல ரெண்டு செகண்டு கையில மிச்சம் இருக்கு. பத்து நமக்குத் தேவையே இல்ல. யாருக்குமே தேவையில்ல. பெரிய நம்பர்னு நாங்களா ஆசைப்பட்டோம்."

அவன் அவளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தான். "பதிவுல ஓடுது. பதிவுலதான் பத்தும் ஓடிச்சு," என்றான்.

ஓட்டப் பந்தயத்தில் பையன் கோட்டைத் தாண்டினானா என்று குனிந்து பார்க்கிறவனின் கேள்வி அது. சரியான கேள்வி. வெள்ளிக்கிழமைதான் காற்றாலையிலிருந்து நேரடி இணைப்பு கிடைத்திருந்தது. அதில் இன்னும் எதையும் ஓட்டிப் பார்க்கவில்லை. அவள் கைப்பேசியை எடுத்தாள்.

எபி, அனகாபுத்தூர்க்காரன். மூன்று வாரமாக லேசர் கருவியைப் பார்த்துக்கொள்ளக் காற்றாலைப் பக்கமே தங்கியிருப்பவன். எடுத்தவுடனே காற்றின் இரைச்சல்தான் கேட்டது.

"இன்னாக்கா, ஞாயித்துக்கெயமகூட வுடமாட்டியா? சர்ச்சுக்குப் போலியா நீ?"

"பாதியில வந்துட்டேன். நீ போனியா?"

"இங்க எங்கக்கா போறது? காத்து வுடற சவுண்டுல பாஸ்டர் வந்து மைக்குல பேசுனாக்கூட கேக்காது. செம காத்துக்கா இன்னிக்கி. காத்தாடி பேய் மாரி சுத்திகினு கீது."

"நாப்பத்தேழு கிட்ட போ எபி. கீழ் கதவைத் திறந்து உள்ளே இருக்கிற ஸ்கிரீன்ல காத்து வேகத்தைப் பார்த்துட்டே இரு. எதையும் தொடாதே. நான் 'ஏறும்'னு சொன்னா, கொஞ்ச நேரத்துல அங்க ஏறணும். 'இறங்கும்'னா இறங்கணும். ஏறினா ஏறிச்சுன்னு சொல்லு. ஏறலேன்னா ஏறலேன்னு சொல்லு. எனக்காகப் பொய் சொல்லாதே."

"இன்னாக்கா, குறி சொல்றியா?"

"ஆமா. போ."

புதிய நிரலை நேரடி இணைப்பில் ஏற்றினாள். அது இறக்கைகளைத் தொடாது. வெறுமனே பார்த்துக்கொண்டு, தனக்குள் சொல்லிக்கொண்டிருக்கும். லேசர் பார்த்தது தாம்பரம் வந்துசேர ஒரு விநாடி பிடிக்கும். நான்கில் ஒன்று வழியிலேயே செலவாகிவிட்டால் மூன்று மிச்சம். ஆஸ்டின் உள்ளே போய்ப் பள்ளிக்கூடத்து ஸ்டாப் வாட்சை எடுத்துக்கொண்டு வந்து, கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டு, ஒரு காலில் ஷூவோடு அவள் பக்கத்தில் நின்றான்.

திரையில் இரண்டு கோடுகளும் வலது பக்கம் நகர ஆரம்பித்தன. சிவப்பு சும்மா கிடந்தது. சும்மா கிடந்தது. திடீரென்று தலையைத் தூக்கியது.

"ஏறும்!" என்றாள்.

ஆஸ்டினின் கட்டைவிரல் அமுங்கியது. கைப்பேசியில் இரைச்சல் மட்டும். ஒன்று. இரண்டு. இவ்வளவு தூரத்தில், அவள் பார்த்தே இராத ஒரு புல்வெளிக்கு மேலே, எங்கோ ஒரு காற்று வந்துகொண்டிருக்கிறது, அது இன்னும் சேரவில்லை.

"ஏறிச்சுக்கா! ஒம்போதுல இருந்துச்சு, பதிமூணு!"

"மூணு புள்ளி ஒண்ணு," என்றான் ஆஸ்டின். அவன் குரல் மாறியிருந்தது.

"இறங்கும்!"

"இரு... இரு... எறங்கிகினே கீதுக்கா. எட்டு!"

"ஏறும்! பெருசா!"

"அய்யோ!" என்றான் எபி. அவன் குரலுக்குப் பின்னால் ஏதோ தடதடத்தது. "பதினஞ்சு தாண்டிச்சு! கதவே ஆடுதுக்கா!"

"ஏறும்!"

இரைச்சல். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து.

"இல்லக்கா. சும்மாதான் கீது. பத்துலயே குந்திகினு கீது."

"சரி. தப்பு. எழுதிக்கோங்க," என்றாள். அந்தத் தப்பும் அவளுக்குப் பிடித்திருந்தது. தவறக்கூடிய ஒன்றுதான் நிஜமாக ஊகிக்கிறது.

இருபது முறை சொன்னாள். பதினாறு சரி. கடைசி ஐந்தில் ஆஸ்டினும் அவளோடு சேர்ந்து கத்தினான். கீழ் வீட்டிலிருந்து யாரோ மாடிப்படியில் வந்து நின்று, கிரிக்கெட் என்று நினைத்து, ஸ்கோர் என்ன என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

"அக்கா," என்றான் எபி முடிவில். "எனக்குப் புல்லரிக்குதுக்கா. தாம்பரத்துல குந்திகினு நீ இங்க காத்தைப் புடிக்கிறியே. புதன்கெயம இந்தக் காத்தாடியே உன் பேச்சைக் கேக்கப்போவுதுல்ல?"

"கேக்கும்னு நினைக்கிறேன்," என்றாள். அப்போதுதான் ஷ்யாம்சுந்தர் சாருக்குச் செய்தி அனுப்பினாள். 'பத்து தப்பு சார். பதிவைச் சீராக்கினதில் என் தவறு. நாலுதான் உண்மை. இப்போது நேரடியாக ஓட்டிப் பார்த்தேன். இருபதில் பதினாறு!'

மாடம்பாக்கத்திலிருந்து அவர் வர இருபது நிமிடம்கூட ஆகவில்லை. சாப்பிட்ட கையின் ஈரம் உலராமலே வந்திருந்தார். ஐம்பத்திரண்டு வயது. பெரிய கம்பெனி வேலையை விட்டுவிட்டு, மாடம்பாக்கத்து வீட்டின் பேரில் கடன் வாங்கி இந்த நிறுவனத்தை ஆரம்பித்தவர். ஷீலா அவரை மதித்தாள். பொறியியலில் ஒரு விஷயத்தை அவருக்கு இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருந்ததே இல்லை. இன்றும் அப்படித்தான். அந்த ஒரு வரியைக் காட்டினாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"அடக் கடவுளே. வரப்போற பத்தையும் சேர்த்துட்டியா? நானும் பார்த்துட்டுத்தானே இருந்தேன். என் கண்ணுலயும் படலையே."

ஆஸ்டின் மூன்று டம்ளரில் காபி கொண்டுவந்து வைத்துவிட்டுத் தன் டம்ளரை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனான். நேரடிக் கோடுகள் ஓடிக்கொண்டிருந்தன. ஷ்யாம்சுந்தர் அவற்றைப் பார்த்தார். சிவப்பு எழும்பியது, நீலம் பின்னால் வந்து எழும்பியது. அவருடைய உதடுகள் எண்ணுவதை ஷீலா பார்த்தாள். மறுபடி ஒரு தடவை. மறுபடி. அவர் முகம் இளகி, இருபது வயசுக்காரனின் முகமானது.

"பியூட்டிஃபுல்," என்றார். "இது நிஜமாவே வேலை செய்யறது ஷீலா."

"ஆமா சார்."

"ரொம்ப பியூட்டிஃபுல்." கண்ணாடியை இறக்கிக்கொண்டார். முகம் மறுபடி ஐம்பத்திரண்டானது. "இப்ப நான் சொல்றதைக் கொஞ்சம் பொறுமையா கேளு. நாளைக்கு இதைக் காட்ட வேண்டாம். நேரடியா எதையும் ஓட்ட வேண்டாம். மார்ச் மாசத்துப் பதிவை ஓட்டுவோம். பத்தாவே இருக்கட்டும்."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தாள்.

"கஸ்தூரிரங்கன் ஒத்துக்கிட்டதே அந்தப் பத்துக்காகத்தான். அவரோட ஆளுங்க இறக்கையைத் திருப்பற பெட்டியில எல்லாத்தையும் பத்துன்னு வச்சே அமைச்சிருக்காங்க. இப்பப் போய் நாலுன்னு சொன்னா, 'போன வாரம் பத்து, இந்த வாரம் நாலு, அடுத்த வாரம் ஒண்ணா?'ன்னு கேட்டுட்டு எழுந்து போயிடுவார். எனக்கு அவரைத் தெரியும். செப்டம்பரோட அங்க காத்து அடங்கிடும். அடுத்த காத்து அடுத்த வருஷம் ஜூன்லதான். அதுவரைக்கும் நாம பதினோரு பேரும் அந்த மாடியில உட்கார்ந்திருப்போம்னு நினைக்கிறியா?"

"புதன்கிழமை பத்துல ஓட்டினா தப்பா திருப்பும் சார்."

"புதனுக்குள்ள நீ ஏதாவது பண்ணிடுவே. உன்னை எனக்குத் தெரியாதா?"

"பண்ண முடியாது சார். இது என் கையில இல்ல. அஞ்சுக்கு மேல போனா காத்துக்கே தன் உருவம் ஞாபகம் இருக்கறதில்ல."

"அப்படின்னா மிஷின் தானா நின்னுடும். அதுக்குன்னு தனி பாதுகாப்பு இருக்கு. யாருக்கும் ஒண்ணும் ஆகாது. முதல் நாள் கொஞ்சம் சொதப்பிடுச்சுன்னு சொல்லிட்டு, அப்புறம் மெதுவா நாலுக்குக் கொண்டுவந்துடலாம். நான் உன்னைப் பொய் சொல்லச் சொல்லலை. நீ ஒண்ணுமே பேச வேண்டாம். நான் பேசிக்கறேன். நீ பக்கத்துல உட்கார்ந்தா போதும்."

பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். அது எவ்வளவு சின்ன விஷயம் என்று ஷீலா நினைத்தாள். உட்கார்வது. நான்கு மாதமாக அவள் செய்ததும் அதுதானே. அவர் சொன்னதில் எதையும் அவளால் மறுக்க முடியவில்லை. அந்த மனிதர் எழுந்து போய்விடக்கூடும். ஆபீஸ் மூடப்படக்கூடும். எபி திரும்பி வந்து வேறு வேலை தேடுவான். இறக்கை திரும்புவதை அவள் ஒருநாளும் பார்க்காமலே போகலாம். அந்த ஆசை அவளுக்கு இன்னும் இருந்தது. காலையில் இருந்ததைவிட இப்போது அதிகமாக, கிட்டத்தட்டப் பசியாக இருந்தது.

ஆனால் புதன்கிழமை அந்தப் பத்து எல்லோர் கண்முன்னாலும் தோற்கும். தோற்ற பிறகு, எங்களிடம் நாலு இருக்கிறது என்று போய் நின்றால் யார் கேட்பார்கள்? தோற்றவர்கள் பேரத்தைக் குறைக்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். பத்தைக் காப்பாற்றப் போனால் நாலு செத்துப்போகும். அவ்வளவு தெளிவாக அது தெரிந்தபோது, தான் நல்லவளாக இருக்க முயற்சி செய்யவில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தது. காலையில் கையில் வந்து விழுந்த ஒன்றை விட மனசில்லை. அவ்வளவுதான்.

"சார், நாளைக்கு நேரடியா ஓட்டலாம்," என்றாள். "அவரையே போன்ல எபிகிட்ட பேசச் சொல்லுவோம். நான் ஏறும்னு சொல்றேன். ஏறுதான்னு அவரே கேட்டுக்கட்டும். இப்ப நீங்க எண்ணினீங்க இல்ல? அவரும் எண்ணுவார்."

ஷ்யாம்சுந்தர் சட்டென்று சிரித்தார். எண்ணியதை அவள் பார்த்துவிட்டாள் என்பது அவருக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்திருக்க வேண்டும். "நான் எண்ணுவேன். நான் பைத்தியக்காரன். அவர் எண்ண மாட்டார்மா. அவருக்கு எதுக்கும் ஒரே ஒரு நம்பர் வேணும்."

மேஜைமேல் இருந்த அவருடைய கைப்பேசி அதிர்ந்தது. திரையில் கஸ்தூரிரங்கன் என்ற பெயர். இருவரும் அதையே பார்த்தார்கள்.

"நாளைக்கு எல்லாம் தயாரான்னு கேக்கத்தான் கூப்பிடறார்," என்றார் தாழ்ந்த குரலில். "நான் சொன்னா பாதிதான் நம்புவார். நீ சொன்னா முழுசா நம்புவார். எப்பவும் 'அந்தப் பொண்ணு என்ன சொல்றா'ன்னுதான் கேப்பார். நீயே எடு ஷீலா. பத்தும் வேண்டாம், நாலும் வேண்டாம். 'ரெடி சார்'னு ஒரே ஒரு வார்த்தை. எனக்காக."

கைப்பேசியைத் திருப்பி, அவள் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

அது சத்தமில்லாமல் மரப் பலகையில் அதிர்ந்தது. அவர் கண்களில் கெஞ்சல் இருந்தது; அவரை அப்படி அவள் பார்த்ததே இல்லை. அவளுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அவள் ஆட்காட்டி விரலைக் கைப்பேசியின் ஓரத்தில் வைத்தாள். பச்சை வட்டத்தின் பக்கம் விரல் போகவில்லை. காபி டம்ளர்களுக்கு நடுவே, எதையும் தட்டிவிடாமல், மெதுவாக, அதை அவர் பக்கத்துக்கே தள்ளிவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

யாரும் எடுக்கவில்லை. மேஜை நடுங்கிக்கொண்டிருந்தது. அவருடைய ஆறிப்போன காபியின் மேல்பரப்பில் மெல்லிய வட்டங்கள் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு விளிம்புக்குப் போய், முட்டி, உருமாறித் திரும்பிக்கொண்டிருந்தன.